தார்ப்பாய் ஷார்ட்டு

சர்புன்னிசாவின் வலது கை தையல் மெஷினின் சக்கரத்தைத் தொட்டு நிறுத்தியது. இடது கை நீலத் தார்ப்பாயின் ஓரத்தை இரண்டாக மடித்து, நகத்தால் கீறிப் படிய வைத்து, ஊசிக்கு அடியில் தள்ளியது. விரலில் சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த உறை. நூலை மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். கடைசித் தையல் விழுந்ததும் நூலைப் பல்லால் கடித்தார்.

மரக்காணத்தில் உப்புக் குவியலை மூடும் தார்ப்பாய்களில் பாதி சர்புன்னிசாவின் கை பட்டவை. அவருக்கு யாரும் தொழில் கற்றுத் தரவில்லை. லாரிக்காரர்கள் தூக்கிப்போட்ட படுதாக்களைப் பிரித்துப் பார்த்துத் தானே பழகிக்கொண்டார். பேண்ட், பள்ளிக்கூடப் பை என்று எது வந்தாலும் தைப்பார். வாடிக்கையாளர் சொன்னதைச் செய்வார். சொன்னவர் மனதில் என்ன இருக்கும் என்று ஊகிக்க மாட்டார். அதில் பிடிவாதம்.

அன்று காலை உப்பளத்துக்காரர் மணிவண்ணன் பைக்கை நிறுத்தாமலே தார்ப்பாயை வாசலில் தள்ளியிருந்தார்.

"அக்கா, ஷார்ட்டு. பண்ணி வெச்சிடுங்க. மதியம் வர்றேன்."

பேண்ட்டைக் கொண்டுவந்து ஷார்ட்டு என்று சொல்கிறவர்கள் எல்லாம் காலைக் குறைக்கத்தான் சொல்வார்கள். சர்புன்னிசா தார்ப்பாயில் ஒரு முழம் நறுக்கி, ஓரம் அடித்து முடித்திருந்தார்.

மதியம் மணிவண்ணன் வந்தபோது திண்டிவனம் பக்கம் வானம் கறுத்திருந்தது. தார்ப்பாயை விரித்துப் பார்த்தவருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"என்னக்கா, வெட்டிட்டீங்க?"

"நீதானே தம்பி ஷார்ட்டுன்ன?"

"பத்தலன்னு சொன்னேங்க்கா! குவியலோட அடி வரைக்கும் எட்ட மாட்டேங்குது, துணி சேர்த்துக் குடுங்கன்னு அர்த்தம். லாரி வேற ஷார்ட்டு, உப்பு இன்னும் வரப்புல கிடக்குது. மழ வந்தா மொத்த சீசனும் தண்ணியாப் போயிடும்!"

"லாரியை யாரு வெட்டுனது?"

"யாரும் வெட்டலக்கா! லாரி கிடைக்கல. அதுவும் ஷார்ட்டுதான்."

"தமிழ்ல குட்டைன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்ல?"

மணிவண்ணனின் முகம் மாறியது. அவர் சர்புன்னிசாவின் தோள் உயரம்தான் இருப்பார். "யாரைக் குட்டைங்கறீங்க?"

"தார்ப்பாயைச் சொன்னேன்ப்பா."

"என்னைப் பார்த்துச் சொன்னீங்க."

"ஷார்ட்டுன்னா ஷார்ட்டுதானே!" என்று சர்புன்னிசா கத்தினார்.

பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் ஹபீப் முஹம்மது கையில் டெஸ்டரோடு ஓடிவந்து, யாரையும் கேட்காமல் மெயினிலிருந்து ஃப்யூஸைப் பிடுங்கினார். மெஷினில் மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தவரே அவர்தான்.

"எங்க ஷார்ட்டு? யாரும் எதையும் தொடாதீங்க!"

"பாய், கரண்ட்ல ஒண்ணுமில்ல. தார்ப்பாய்தான் ஷார்ட்டு."

"தார்ப்பாய்ல கரண்ட் போகாது தம்பி. வேற எங்கியோ இருக்குது. கண்டுபிடிக்காம ஃப்யூஸ் போட மாட்டேன். உசுரு விஷயம்."

சர்புன்னிசாவின் மகள் முஸ்கான் போனை நீட்டியபடி உள்ளேயிருந்து வந்தாள். "அப்படியே நில்லுங்க அங்கிள், ஷார்ட்ஸ் எடுக்கறேன்."

"நான் லுங்கி கட்டியிருக்கேம்மா! எவன் இங்க ஷார்ட்ஸ்ல நிக்கிறான்?" என்றார் ஹபீப்.

வெளியே காற்று புழுதியைக் கிளப்பியது. சர்புன்னிசா பேச்சை நிறுத்தினார். நறுக்கிய துண்டை எடுத்துத் தார்ப்பாயோடு சேர்த்து வைத்தார்.

"இதைத் திரும்ப ஒட்டினாலும் பழைய அளவுதான் வரும். மேல எவ்வளவு வேணும்? கையால காட்டு. வாயால சொல்லாத."

மணிவண்ணன் கைகளை விரித்துக் காட்டினார். அவ்வளவு துணி வீட்டில் இல்லை. சர்புன்னிசாவின் கண் ஹபீப்பின் கடை முகப்பில் படபடத்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸ் பேனரில் போய் நின்றது.

"பாய், அது வேணும்."

"அதுல என் போட்டோ இருக்குது!"

"உங்க முகத்தை வெட்ட மாட்டேன். ஃப்யூஸையாவது போடுங்க."

ஹபீப் யோசித்தார். ஃப்யூஸ் போடுவது கொள்கைக்கு விரோதம். பேனரை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மெஷினிலிருந்து மோட்டார் பெல்ட்டைக் கழற்றினார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைக் கையாலேயே சுற்றத் தொடங்கினார். "மெதுவா பாய்," "நிறுத்துங்க பாய்," "இப்ப சுத்துங்க" என்று சர்புன்னிசா சொல்லச் சொல்ல, வியர்த்து ஒழுக ஒழுகச் சுற்றினார். மணிவண்ணன் தார்ப்பாயின் பாரத்தைத் தூக்கிப் பிடித்தார். முஸ்கான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் தையல் கோணியது. மழைக்கு அவ்வளவு அவசரம் இருந்தும் சர்புன்னிசா அதைப் பிரித்து மறுபடி தைத்தார்.

முடிந்ததும் தரையில் விரித்து முழம் போட்டுப் பார்த்தார். மணிவண்ணனும் முழம் போட்டார். அவர் கைக்கு இன்னும் கூடுதலாகவே வந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் பேனரின் துண்டு மஞ்சளாகத் தெரிந்தது. 'ஷார்ட் சர்க்யூட் உடனடியாகச் சரிசெய்யப்படும்' என்ற வரியில் முதல் சொல் மட்டும் பெரிய சிவப்பு எழுத்தில் மிச்சமிருந்தது.

மணிவண்ணன் அதைப் படித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதப்பா," என்றார் சர்புன்னிசா. சுருட்டிக் கட்டிய தார்ப்பாயை அவர் கைகளில் வைத்தார்.