அக்காவின் நோயைப் பெயர் சொல்லி எழுதுகிறேன்

அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. டெல்லி துவாரகா வீட்டுக்கு வந்து, பந்தியில் அமர்ந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது. விஷயம் அக்காவுடையது.

அக்கா பிறந்தது கோவில்பட்டியில். அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை கிடைத்ததால் நான்கு வயதில் டெல்லிக்கு வந்தார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ், புசா ரோடு பள்ளி என்று இருவரும் வளர்ந்தோம். அக்கா வகுப்பில் எப்போதும் முதல். நான் ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்பி லூதியானா லாரியில் ஏறிவிட்டேன். பிறகு லாரி கிளீனர், தாபா சமையல், சூரத்தில் சாயப்பட்டறை. பசி, அடி, காய்ச்சல் எல்லாம் இருந்தன; அவை இந்த மலருக்கு வேண்டாம். எந்த ஊரிலிருந்து கடிதம் போட்டாலும் பதில் எழுதியது அக்கா மட்டும்தான். அது வேண்டும்.

அப்பா இறந்த பிறகு வீட்டைத் தாங்கியது அக்காதான். ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். கருப்பை வாய்ப் புற்றுச் செல்களைக் குடுவைகளில் வளர்ப்பது அவர் வேலை. அவற்றுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சத்துத் திரவம் மாற்ற வேண்டும். பொங்கலன்றுகூட, "செல்லுக்குச் சோறு வச்சிட்டு வாரேன்" என்று பஸ் ஏறிவிடுவார். இப்படிப் பதினெட்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளில் அந்த நோய்க்கான பரிசோதனையைத் தனக்கு ஒருமுறைகூடச் செய்துகொள்ளவில்லை. இதையும் எழுதச் சொன்னவர் அவரே.

அக்காவுக்கு வந்ததும் அதே கருப்பை வாய்ப் புற்றுநோய்தான்; தெரிந்தபோது முற்றியிருந்தது. அத்தான் போன் செய்ததும் சூரத்திலிருந்து வந்தேன். அப்போது அக்காவின் மகளுக்கு ஒரு வரன் பேசி முடியும் நிலையில் இருந்தது. நோயின் பெயரைக் கேட்டதும், "தாய்க்கு இருந்தால் மகளுக்கும் ரத்தத்தில் இருக்கும்" என்று அவர்கள் விலகிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அக்காவுக்கு வலியைவிட அந்தச் சொல்தான் உறைத்தது.

சிகிச்சைக்கு முன் மறுபடியும் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். அதில் ஒரு துண்டைத் தன் ஆய்வுக்கூடத்துக்கே கொடுக்க அக்கா கையெழுத்துப் போட்டார். எடுத்துப்போக வேண்டிய ஆள் அன்று வரவில்லை. ஐஸ் பெட்டியை நான் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

"டப்பே மே க்யா ஹை பையா? மச்லி?" என்று பெட்டியைப் பார்த்து ஆட்டோக்காரர் சிரித்தார்.

மீன் இல்லை, என் அக்காவின் உடம்பு என்று எந்த மொழியில் சொல்வது? "ஹாங், மச்லி. ஜல்தி சலோ" என்று, கெட்டுப்போகும் என அவசரப்படுத்தினேன். நல்ல மனிதர். பறந்தார்.

சில வாரங்கள் கழித்து ஆய்வுக்கூடத்து மேடம் போனில் முடிவைச் சொன்னார். அக்கா போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, லாரிக்காரா. ஒனக்கு வெளங்குத மாதிரி சொல்லுதேன். செல்லு கண்டபடி பெருகாம நிறுத்துததுக்கு உள்ள ஒரு ஜீன் இருக்கு. பிரேக்குன்னு வையி. சில புத்துநோயில அந்த ஜீனே கெட்டிருக்கும். எனக்குக் கெடல."

"கெடலன்னா வண்டி ஏன் நிக்கல?"

"அந்த ஜீன் பிரேக்கோட வரைபடம். அதப் பாத்துச் செஞ்சு மாட்டுத பிரேக்க எல்லாம் ஒரு கிருமி கழட்டிக் கழட்டி எறிஞ்சிருக்கு. அது வெளிய இருந்து வந்த கிருமி. கல்யாணம் ஆன யாருக்கும் தொத்தும், முக்காவாசிப் பேருக்குத் தானாப் போயிரும். எனக்குப் போவல. இதுல யாரையும் குத்தம் சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல."

"சரி, பிள்ளைக்கு?"

"அவளுக்கு நான் குடுத்தது வரைபடத்த. அது சுத்தமா இருக்கு. பரிசோதனை பண்ணாதது என் சோம்பேறித்தனம், என் ரத்தமில்ல. நான் போன பெறவு 'உடல்நலக் குறைவு'ன்னு மழுப்பி எழுதிராதிய. நீதான் தாய்மாமன், நீ எழுது."

எழுதுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். கடைசி வாரம் வரை ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து, குடுவைகளுக்கு நேரத்தில் திரவம் மாற்றினார்களா என்று விசாரித்தார். ஒரு காலையில், மகள் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது, அமைதியாகப் போய்விட்டார்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அக்காவின் தோழிகளுக்கும், மாதக்கணக்கில் ரசம் வைத்துக் கொடுத்த கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாவுக்கும் எங்கள் நன்றி. இதைப் படிக்கும் பெண்கள் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சில நிமிட வேலைதான் என்று அக்கா சொல்வார்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தான் தயங்கினார். "மாப்ள, நோயோட பேரு மட்டும் வேண்டாமே. பிள்ளைக்கு மறுபடி ஒரு எடம் வந்திருக்கு" என்றார். அக்காவின் மகளுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. நானே முழுவதையும் வாசித்துக் காட்டி, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"நோ மாமா. அப்படியே போடுங்க. அச்சானதும் முதல் காப்பிய அந்த மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்புங்க. படிச்சிட்டு வர்றதுன்னா வரட்டும்."

நீங்கள் இதை வாசிக்கும்போது முதல் காப்பி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.