கொஹைட்டோ: மலைமேல் ஒரு ஊருணி

போன மாதம் ஒருவர் தம் வலைப்பூவில், எரித்திரிய மலைமேல் இருக்கும் கொஹைட்டோ என்ற பாழடைந்த நகரத்தைப் பற்றி எழுதியிருந்தார். அங்குள்ள பழைய நீர்த்தேக்கம் ராஜா குளித்த தொட்டியாம். 1968இல் எரித்திரியாவின் தலைநகர் அஸ்மராவில் நான் வேலை பார்த்த கட்டட கம்பெனி என்ஜினீயரும் இதையேதான் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கொத்தனார்கள் பக்கத்தில் நின்று தொழில் கற்றவன், அது குடிதண்ணீர் ஊருணியாகத்தான் இருக்கும் என்ற என் பேச்சு எடுபடவில்லை. நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

அப்போது எரித்திரியா எத்தியோப்பியாவோடு இருந்தது. என் ஊர் காரைக்குடிக்குப் பக்கம் அமராவதிபுதூர். அஸ்மராவில் நான் தமிழ் பேசுவதற்கு இருந்தது ஒரே ஆள், காரைக்குடிக் காதர். ஜவுளிக்கடையில் வேலை, என்னைவிட ஆறு வயது இளையவர், அரபி நன்றாகப் பேசுவார். சாயங்காலமானால் அவர் கடை வாசலில் போய் நிற்பேன். செப்டம்பர் கடைசியில் மெஸ்கல் என்ற சிலுவைப் பண்டிகைக்கு இரண்டு பேருக்கும் விடுமுறை கிடைத்தது. நான் கூப்பிட்டேன், அவரும் வந்தார்.

அஸ்மராவிலிருந்து அடிகே என்ற சிற்றூருக்குப் பஸ்ஸில் நூற்றுப் பத்து கிலோமீட்டர். காலை ஆறுக்குப் புறப்பட்டு பத்தரைக்குப் போனோம். டிக்கெட் அந்த ஊர்ப் பணத்தில் இரண்டரை பிர். தங்க ஆளுக்கு ஒரு பிர், மூட்டைப்பூச்சி இலவசம். மறுநாள் காலை ஆறுக்கு ஒரு லாரியில் பத்து கிலோமீட்டர் தெற்கே போய்ப் பிரிவுப் பாதையில் இறங்கினோம். அங்கிருந்து நடை, இன்னொரு பத்து. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வழியெல்லாம் மஞ்சள் பூ. உயரத்தினால் மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள்.

ஒன்பதேகாலுக்கு மேட்டு நிலம் வந்தது. நகரம் என்று போனால் ஏமாறுவீர்கள். வெட்டவெளியில் நான்கு தூண்கள் நிற்கின்றன, சுற்றிலும் கல். அவ்வளவு பெரிய ஊரில் ஆள் பேச்சு கிடையாது, காற்றுதான். தூண்களைக் கயிறு பிடித்து அளந்தேன். காதர் நிழல் தேடி உட்கார்ந்து பீடி குடித்தார்.

நீர்த்தேக்கம் அங்கிருந்து கொஞ்ச தூரம். கல் மேல் கல் அடுக்கிய சுவர், சுண்ணாம்பு கிடையாது. சுவரிலிருந்து கற்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன, இறங்குவதற்கு. ஒரு குடம் கொண்டு இறங்க அளவான படி. குளிக்க நினைப்பவன் இப்படிக் கட்டமாட்டான். எதிர்க்கரையில் இரண்டு பெண்கள் தகர டின்னில் தண்ணீர் மோந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. செருப்பை மேலேயே கழற்றிவிட்டு இறங்கினேன். எங்கள் பக்கம் குடிதண்ணீர் ஊருணியில் செருப்போடு இறங்க மாட்டோம், காலை நனைக்கவும் மாட்டோம்.

பகல் தொழுகை நேரம். காதர் கடைசிப் படியில் உட்கார்ந்து முகம் கைகளைக் கழுவிவிட்டுக் காலைத் தண்ணீரில் விடப்போனார். நான் சத்தம் போட்டுவிட்டேன்.

"அண்ணே, இதென்ன நம்ம ஊரு ஊருணியா? அந்தா அங்குட்டு கழுதையே காலை விட்டு நிக்கிது. அதையும் வைவீகளா?"

"கழுதைக்குத் தெரியாது. காரைக்குடியில பொறந்த உனக்குத் தெரியுமுல்ல?"

அவர் எதிர்க்கரையைப் பார்த்து அரபியில் ஏதோ சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். என்னைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் முன்னால் என்னைக் கேலிப்பொருளாக்கிப் பிழைக்க வேண்டாம் என்றேன். பத்து வருஷப் பழக்கம் உள்ளவனிடம்கூடச் சொல்லக்கூடாத இன்னும் சிலவற்றையும் சொன்னேன்.

காதர் எழுந்து நின்றார். "ஊருக்காரருன்னுதானண்ணே ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க ஊரையே பொட்டியில வச்சுக் கொண்டாந்திருக்கீக. அதுக்குள்ள எனக்கு எடம் இல்ல."

படியேறிப் போய்விட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரை அளக்கும் வேலை பாக்கி இருந்தது. அதை முடித்தேன்.

மேலே ஏறியபோது மணி ஒன்று. என் பை தொங்கிய மரத்தடியில், தண்ணீரிலிருந்து நல்ல தூரம் தள்ளி, ஒரு தட்டைக்கல் ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் மண்டியிட்ட தடம். தண்ணீரை மோந்து இங்கே கொண்டுவந்து கால் கழுவித் தொழுதிருக்கிறார். காலையிலேயே தீர்ந்துபோயிருந்த என் தண்ணீர்ப் போத்தல் பைக்குள் கழுத்துவரை நிறைந்திருந்தது.

பத்து கிலோமீட்டரையும் தனியாக நடந்தேன். தொண்டை ஒட்டிக்கொண்டது. போத்தலைத் திறக்கவில்லை. ரோட்டுக்கு வந்ததும் ஒரு கல்லின் மேல் ஊற்றிவிட்டேன். நான்கு மணிக்கு லாரி கிடைத்து அடிகே போனால், காதர் மூன்றரை மணிப் பஸ்ஸில் போய்விட்டார் என்றார்கள்.

அஸ்மராவில் மறுநாள் சாயங்காலம் கடையைத் தாண்டி நடந்தேன். அவர் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கூப்பிடுவார் என்று நடையைக் குறைத்தேன். நான் நிற்பேன் என்று அவரும் பார்த்திருக்கலாம். அதன்பின் ஊர் திரும்பும்வரை பதினான்கு மாதம் நான் தமிழில் பேசியது என்னோடுதான். காதர் பிறகு காரைக்குடிக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பஸ்ஸில் அரை மணி நேர தூரம்கூட இல்லை. போகவில்லை. இப்போது விசாரித்தால் என்ன சொல்வார்களோ, விசாரிக்கவும் இல்லை.

அது குடிதண்ணீர் ஊருணிதான். என் முடிவில் மாற்றமில்லை.

போகிறவர்களுக்கு: மழை முடிந்ததும் போங்கள். தொப்பி அவசியம். அரபியோ உள்ளூர் மொழியோ தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள், தனியாகப் போகாதீர்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். யாராவது நிரப்பி வைத்திருந்தால், குடித்துவிடுங்கள்.