சாமுராய்க்குப் பிணை

சிவகங்கைப் பக்கத்துப் பாண்டித்துரை ஷார்ஜாவில் சாமுராய் ஆனான் என்றால் நம்ப மாட்டீர்கள். அங்கே ரோலா கடைத்தெருவில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடை; அதன் வாசலில் கவசமும் இரும்புத் தொப்பியுமாக நிற்பதுதான் அவன் டூட்டி. ஆகஸ்ட் வெயிலில் அந்தக் கவசத்துக்குள் முட்டையை வைத்தால் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சும் விசிறி கேட்கும்.

வருகிறவர்களுக்கு இந்தியில் கதையும் சொல்வான். ஜப்பானை ஷோகன் என்ற படைத்தலைவர் ஆண்ட காலத்தில், குறுநில மன்னர்கள் ஒரு வருடம் அவர் நகரத்தில் கிடக்க வேண்டும், மறு வருடம் சொந்த ஊர் போகலாம். ஆனால் பெண்டாட்டி பிள்ளைகள் ஷோகனின் நகரத்திலேயே பிணையாக இருக்க வேண்டும். அப்புறம் எவன் வாலாட்டுவான்?

சேர்ந்த புதிதில் பாண்டித்துரை ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தான். இந்த வேலையை வேறு எவனும் தட்டிப் பறிக்கக்கூடாதென்று, கவசத்தைத் தன் ஈர்க்குச்சி உடம்புக்கு வெட்டிப் பிடித்துத் தைத்துவிட்டான்.

இந்த வருடம் தங்கை அருணா போன் செய்தாள்.

“அண்ணே, ஆவணியில பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேணும். மூணாம் வயசுல தவறுனா அஞ்சுலதான்.”

மேனேஜர் விஜயபாஸ்கரிடம் போய் நின்றான். “லீவு வேணும் சார். பாஸ்போர்ட்டும்.”

“போ. கவசம் யாருக்குடா சேரும்?”

ரூமில் கூடத் தங்கியிருந்த கடை ஆட்கள் அத்தனை பேரும் போட்டுப் பார்த்தார்கள். அழகுமலை மட்டும் மூச்சை அடக்கி ஒருவழியாக நுழைந்தான். “போய்ட்டு வா மாப்ள. நீ வந்தப்புறம் மூச்சு விட்டுக்குறேன்.”

கவசத்தோடு வந்து நின்றவனைப் பார்த்து விஜயபாஸ்கர் சிரித்தார். “நல்லது. நீ வர்ற வரைக்கும் இவனுக்கு லீவு மாஃபி, கெடையாது. ஊருக்குப் போறவன் ஆளப் பிணை வச்சுட்டுப் போகணும், நீதானடா தினமும் சொல்ற?”

அழகுமலை பெண்டாட்டிக்கு ஒன்பதாம் மாதம். அடுத்த வாரம் அவனுக்கு டிக்கெட்.

“அவளுக்கு அவ ஆத்தா இருக்கு. நீ கெளம்பு,” என்றான் அழகுமலை. குரல் மட்டும் சரியாக வரவில்லை. கவசம் இறுக்கியதாகவே வைத்துக்கொள்வோம்.

பாண்டித்துரை அவன் கவசத்தை அவிழ்த்துத் தான் மாட்டிக்கொண்டான். பிறகு தங்கையைக் கூப்பிட்டான்.

“அஞ்சாம் வயசுலயே குத்திக்கலாம்மா.”

“அப்ப மட்டும் விட்ருவாங்களாண்ணே?”

வாசலில் ஒரு குடும்பம் படம் எடுக்கக் காத்திருந்தது.

“வைக்கிறேன் தாயி. டூட்டி,” என்றான்.