பேயிடம் மட்டும் கேட்கிற கேள்வி

வெள்ளிக்கிழமை மத்தியானமானால் டவுனில் இருக்கும் என் அம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு பேய் செத்தாக வேண்டும். ஏற்கெனவே செத்த பேய்தான். இருந்தாலும் அம்மன் கையால் இன்னொரு தரம் சாக வேண்டும். அம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கண் மங்கிவிட்டது, காது பாதிதான் கேட்கிறது. ஆனாலும் சூலம் பாய்கிற நேரத்துக்குச் சரியாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பக்கத்தில் என் அண்ணன் மனைவி, என் மதினி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் பழைய படங்களைச் சின்ன வயதில் ஒன்றுவிடாமல் பார்த்தவள் நான். கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒரு ஜமீன் பங்களா, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், ஒரு பாட்டு. அவளை ஏமாற்றியவன் ஆண், கொன்றவன் ஆண், கிணற்றில் போட்டு மூடியவன் ஆண். விரட்டப்படுவது மட்டும் அவள். விரட்டுவதற்கென்று ஒரு பத்தினி இருப்பாள். நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறையப் பக்திப் பாட்டு. புருஷன் ஊர் மேய்ந்ததைப் பற்றி அவளுக்கு ஒரு கேள்வியும் கிடையாது. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுவாள், கோயில் மணி தானாக அடிக்கும், அம்மன் வந்து நிற்பாள். நடுவில் கண்ணாடி போட்ட டாக்டர் ஒருவர் 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்வார். சொன்ன வாய் மூடுவதற்குள் வேட்டி கட்டித் திருநீறு பூசிக்கொண்டு சந்நிதியில் நிற்பார். வெளிநாட்டுப் படங்களும் லேசுப்பட்டவை அல்ல. அங்கே சிலுவை, புனித நீர், கறுப்பு அங்கி. சாமி மாறும், மந்திரம் மாறும். கட்டிலோடு கட்டிப் போடப்படுவது எங்கேயும் பெண்பிள்ளைதான்.

இதையெல்லாம் கேலி பேசிவிட்டு நான் பாட்டுக்குப் போகலாம். ஆனால் எனக்கு அந்த யோக்கியதை இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சமயம். களக்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மதினிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. வந்த புதிதில் அவள் அடுப்படியில் சிரித்தால் வாசலில் நிற்கிறவருக்குக் கேட்கும். அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்துத் தடித்துப் போயிற்று. முகம் ஊதியது. சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். "அத்தை, ஒருக்க டாக்டர்ட்ட காட்டலாமா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டது என் காதிலேயே விழுந்தது. "சுக்கும் மொளகும் தட்டிப்போட்டு உடன்குடிக் கருப்பட்டில காப்பி குடி, எல்லாம் சரியாப் போவும்" என்றாள் அம்மா. பேங்க்கில் ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்க்கும் அண்ணன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பேய் பிடித்தவள் ஆண் குரலில் உறுமிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மதினி அடுப்படியிலிருந்து, "காப்பி போடட்டுமா?" என்றாள். "ஏம்மா, மதினி கொரலு அப்படியே பேய்க் கொரலு மாதிரியே இருக்குல்லா?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். புத்திசாலித்தனமாக எதையோ சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

அம்மா சிரிக்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள். குளிருகிறது என்பாள், பகலில் தூங்குகிறாள், குழந்தை உண்டாகவில்லை, இப்போது குரலும் மாறிவிட்டது. படத்தில் வந்ததெல்லாம் எங்கள் வீட்டிலும் இருந்தது. வராதது வெள்ளைச் சேலை ஒன்றுதான். "நானும் என்னமோன்னுல்லா நெனச்சேன்" என்றாள். அதோடு முடிவாகிவிட்டது, மதினிக்குப் பேய்தான் என்று.

அப்பா அரசாங்க அதிகாரி. காலையில் தேவாரம் படிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்களை எட்டிப் பார்க்கக்கூட விட்டதில்லை, அதெல்லாம் நம்ம வழக்கமில்லை என்பார். வீட்டுக்குள் பேய் வந்ததும் வழக்கமெல்லாம் பறந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த இசக்கி கோயிலுக்கு வாடகைக் கார் பிடித்தார். தெரு அசந்து தூங்குகிற உச்சி வெயில் நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம். தெரிந்தவர் எவரும் பார்த்துவிடக் கூடாது என்று காருக்குள்ளேயே குடையை விரிக்கப் பார்த்தார் அப்பா.

எங்கள் பக்கத்தில் அநியாயமாகச் செத்துப்போன பெண்ணுக்குக் கோயில் கட்டிப் பொங்கலிடுவோம்; இசக்கியும் அப்படி ஒருத்திதான். உயிரோடு இருப்பவள் காய்ச்சல் என்று சொன்னால் கருப்பட்டிக் காப்பி. அந்தச் சந்நிதியில்தான் மதினியைத் தலைவிரி கோலமாக உட்கார வைத்தார்கள். பூசாரி கையில் வேப்பங்குழை, தாம்பாளத்தில் எலுமிச்சம்பழமும் ஒரு நீள ஆணியும். பேய் இறங்கியதும் உச்சி முடியைப் புளியமரத்தோடு சேர்த்து ஆணியடித்து, அடியோடு அறுத்துவிடுவார்களாம். மதினி அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மிச்சமிருந்ததே கொஞ்சம் முடிதான். பேய்க் குரல் என்று நான் சும்மாதான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பூசாரி குழையால் இரண்டு அடி போட்டு அதட்டினார். "ஏ, நீ யாரு? எந்தூருக்காரி? ஒனக்கு என்ன வேணும், சொல்லு!"

மதினி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அந்தத் தடித்த குரலில் நிதானமாகச் சொன்னாள். "பாளையங்கோட்டைல டாக்டரம்மாவப் பாக்கணும்."

கோழி கேட்கும், சாராயம் கேட்கும், சிவப்புச் சேலை கேட்கும் என்று தயாராக வந்திருந்தாள் அம்மா. "வேற ஏதாவது கேளு தாயி. பட்டுச்சேலை எடுத்துத் தாரேன்" என்று பேயிடமே பேரம் பேசினாள். பேய் மசியவில்லை. "டாக்டரம்மாவப் பாக்கணும்" என்றது மறுபடியும். பூசாரி சுதாரிப்பான ஆள். "கேட்டதக் குடுத்துருங்க அண்ணாச்சி. குடுக்காட்டா வீட்டவிட்டுப் போவாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு, ஆணிக்குப் பதில் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டார். மருமகள் கேட்டபோது கிடைக்காத கார், பேய் கேட்டதும் நேரே பாளையங்கோட்டைக்குத் திரும்பியது.

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டதுமே தைராய்டு என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் ஆளையே பார்த்திருக்க முடியாது என்று அண்ணனைத் திட்டினார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான். சில மாதங்களில் குரல் தெளிந்தது, முடி வளர்ந்தது, பிறகு பையனும் பிறந்தான். "நல்லா நடிச்சீங்க மதினி" என்று ஒருநாள் சொன்னேன். "நடிக்கல்லாம் இல்ல. என்ன வேணும்னு கேட்டாவ, சொன்னேன்" என்றாள்.

நான் பார்த்த அத்தனை படங்களும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. அவற்றில் பேயிடம் மட்டும்தான் என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அது தன் கதையைச் சொல்வதற்குப் படமே நின்று வழிவிடும். அந்தப் பத்தினியிடம் யாராவது ஏதாவது கேட்டு நான் பார்த்ததில்லை. கையில் ஒரு விளக்கைக் கொடுத்து நிறுத்திவைப்பதோடு சரி.

போன வெள்ளிக்கிழமையும் சூலம் பாய்ந்தது. "அன்னைக்கு இசக்கித் தாயில்லா இவளக் காப்பாத்துனா" என்று அம்மா வழக்கம்போலச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், பேய் போன இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் மதினியிடம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதாக நினைவில்லை. படங்களைக் கரித்துக்கொட்டும் நானும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மதினி, உங்களுக்கு என்ன வேணும்?"

பூண்டு உரித்த கை நின்றது. சட்டென்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏன் கேக்க? எங் கொரலு மறுபடியும் மாறிட்டுதா?"