பிலோமினா ரீச்சர் கழுவிய அணில்

லண்டன் மனோர் பார்க்கில் உள்ள என் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழ்களை வெட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. “அங்கிள், அம்மா விடியப் போயிட்டா,” என்றார் பிலோமினா ரீச்சரின் மகள் நிரஞ்சினி. “ஓம் பிள்ளை, வாறன்,” என்றுவிட்டு, ஏற்கெனவே அடுக்கிய அட்டைகளையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. துக்கம் மட்டுமல்ல காரணம்.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் ரீச்சரை எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் அறிவீர்கள். அவர் முன்பு சாம்பியாவில் உயிரியல் படிப்பித்தவர். வீட்டுக்குப் பின்னால் நின்ற மொப்பானி மரங்களின் பொந்துகளில் வாழ்ந்த மர அணில்களைப் பார்த்துப் பார்த்து, மூன்று கொப்பிகள் நிறைய எழுதி வைத்திருந்தார். அவற்றைப் புத்தகமாக்க என்னிடம் வந்தபோது நான் சிரித்துவிட்டேன்.

“ரீச்சர், லண்டனில இல்லாத அணிலோ? கதவைத் திறந்தால் குப்பைத் தொட்டிக்குள்ள நிக்குது.”

“அது வேற ஆள்,” என்றார், முறைத்துக்கொண்டு.

பிறகு தன் ஆட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒரு பொந்தில் ஒரு குடும்பம். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும், கிளைகளில் வாயைத் தேய்க்கும். அப்படியே குடும்பம் முழுவதற்கும் ஒரே வாசம் வந்துவிடும். வேறு வாசத்தோடு வருவதை விரட்டிவிடும். “தனிய நிண்டால் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒளிச்சு, மூச்சுக் காட்டாது. நாலு பேர் சேர்ந்தால் வாலை அடிச்சுக் கத்திப் பாம்பையே கலைக்கும். எங்கட ஆக்கள் மாதிரித்தான்.” அந்தச் சத்தத்தை நாக்கால் எழுப்பியும் காட்டினார். அழைப்பிதழ் பார்க்க வந்திருந்த ஒரு தம்பதி பயந்தே போனார்கள்.

மூன்றாவது கொப்பியில் ஒரு பக்கம் இருந்தது. பெருமழையில் பொந்திலிருந்து ஒரு குட்டி விழுந்துவிட்டது. உடம்பெல்லாம் எறும்பு. ரீச்சர் அதைத் தூக்கிவந்து, சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, கைக்குழந்தையாயிருந்த நிரஞ்சினியின் பவுடரையும் பூசினார். எங்கள் தாய்மார் வேறென்ன செய்வார்கள்? மூன்று நாள் பால் கொடுத்துத் தேற்றி, மரத்தடியில் கொண்டுபோய் விட்டார். தாய் அணில்தான் முதலில் இறங்கி வந்தது. மோந்து பார்த்துப் பின்னால் பாய்ந்தது. பிறகு முழுக் குடும்பமும் வாலை அடித்துக்கொண்டு இறங்கியது. குட்டியோ விரட்ட விரட்டத் தாயிடமே போனது. ரீச்சர் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“கடிச்சது அதுகள். பிழை என்ர,” என்றார். “வாசத்தைப் பற்றி நானே முதல் எழுதி வைச்சனான், தம்பி. நடுங்கிறதைக் கண்டதும் எல்லாம் மறந்துபோச்சு.”

நான் இறந்தவர்களுக்காக முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலர்களை அச்சடித்துப் பழகியவன். அவற்றில் எவருமே ஒரு பிழையும் செய்திருக்க மாட்டார்கள். அப்படி ஏதும் எழுதி வந்தால் குடும்பம் கேட்காமலே நான் வெட்டிவிடுவேன். அதே கையால் இந்தப் பக்கத்தையும் வெட்டினேன். அச்சுக்கு முன் கொப்பியோடு ஒப்பு நோக்கும்போது ரீச்சர் கண்டுபிடித்துவிட்டார்.

“இதில ஒரு பக்கம் குறையுது.”

“உங்களுக்கு அது மரியாதை இல்லை, ரீச்சர்.”

“மரியாதைக்கோ எழுதினனான்? இன்னொருத்தர் அப்பிடிச் செய்யக் கூடாதெண்டு எழுதினது. அது கட்டாயம் வரவேணும்.”

தலையாட்டினேன். பிறகு என் எண்ணப்படியே அச்சிட்டேன். அச்சில் பார்த்தால் எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். என் தலைக்கனம்! குட்மேய்ஸில் இருந்த அவர் வீட்டுக்குப் பிரதிகளைக் கொண்டுபோனபோது, நேரே அந்த இடத்தைத்தான் புரட்டினார். புத்தகத்தை மூடினார். “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” என்று கேட்டார். அதன்பின் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விரல்களைச் சவர்க்காரம் போடுவதுபோல ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார். “தாய் தேடுது,” என்றார். நிரஞ்சினி, “அம்மா என்னைத்தான் தேடுறா, அங்கிள்,” என்று அழுதார். அது அந்தத் தாய் அணில் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போதும் கடையில் தனியாக நிற்கும்போது, தண்ணீர்க் குழாயைத் திறந்தால் அந்த விரல்கள் வந்துவிடுகின்றன.

“அம்மாவைப் பற்றி நல்லதாப் போடுங்கோ,” என்று இந்த மலரை நிரஞ்சினி என்னிடம்தான் ஒப்படைத்தார். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். எழும்பிப் போய் அந்த மூன்றாவது கொப்பியை எடுத்து வந்து தந்தார். அந்தப் பக்கத்தை ரீச்சரின் கையெழுத்திலேயே தனித்தாளாக அச்சிட்டிருக்கிறேன். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வரும்போது உங்களிடமுள்ள புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். பங்கு மண்டப வாசலில் பசையோடு நிற்பேன். ஒவ்வொன்றாக என் கையாலேயே ஒட்டித் தருவேன்.

என்னிடமுள்ள ஒரு பிரதியை மட்டும், என் பிழை தெரியும்படி, ஒட்டாமல் வைத்துக்கொள்வேன். ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.