டிரெய்லர் பின்னில் அக்கா பேர்

என் பிழைப்பே இரும்பை ஒடிப்பதுதான். சென்னைக்குப் பக்கத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில், சோதனைக்கூடத்தில் வேலை. கம்பியை எந்திரத்தில் மாட்டி, வளைத்தபடியே சுற்றவிட்டு, எத்தனை சுற்றில் ஒடிகிறது என்று பார்க்க வேண்டும். வழவழப்பான கம்பி நாள்கணக்கில் ஓடும். அதிலேயே நகம் பதியும் ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டால் போச்சு, காலையில் மாட்டியது மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டாகிவிடும். பெரிய பாரம் ஒன்றும் வேண்டாம். சின்னச் சின்ன இழுப்பு விழ விழ, வெட்டின் அடியில் ஒரு விரிசல் தொடங்கி உள்ளே ஊர்ந்துகொண்டே போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அக்காவை நைனார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமாவிடம் ஒரு டிராக்டர் இருந்தது. சீசனில் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி, கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு ஓட்டுவார். ஆலை வாசலில் எல்லாரும் டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட வேண்டும். ஆலையின் டிராக்டர் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போகும். டிரெய்லரையும் டிராக்டரையும் கோக்கிற ஆணிக்குப் ‘பின்’ என்று பேர். அதெல்லாம் ஓரமாகக் குவிந்து கிடக்கும். கரும்புத் தடிமனில், ஒரு சாண் நீள இரும்பு. திரும்பும்போது ஆளாளுக்கு நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் எல்லாரும் அதில் பேர் வெட்டி வைப்பார்கள், சீர்ப்பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரி.

ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது மாமா டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். பாரம் முழுக்க விழுகிற நட்டநடுவில், உளியால் ஆழ ஆழமாக அக்கா பேர்.

“எந்த மடையன் மாமா இத வெட்டினது?”

“நான்தான் மச்சான்.”

“நடுவுலதான் வெட்டணுமா?”

“தலப்புல வெட்டுனா மாட்டறப்ப சுத்தியல் அடி பட்டு எழுத்து மழுங்கிப் பூடுதே. இங்க இன்னா கொறச்சல்?”

“இது ஒடையும் மாமா. வெட்டுன எடத்துலயே ஒடையும்.”

“எப்போ?”

அதைத்தான் யாராலும் சொல்ல முடியாது. ஒரே இரும்பில் பத்துக் கம்பி கடைந்து மாட்டினாலும் பத்தும் பத்து விதமாகத்தான் ஒடியும். அடுத்த மாசமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம் என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

“உனக்கு ஜோசியக்காரனே தேவல மச்சான். அவன் ஆடிக்குள்ளன்னாச்சும் சொல்றான்.”

அக்காவும் சேர்ந்துகொண்டாள். “எம் பேரு அவ்ளோ ராசி கெட்டதாடா?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எனக்கு வரும் கோபம் அப்படி, அடுத்த வார்த்தை யோசிக்க விடாது. ஊருக்குத் திரும்பி, லேத் பட்டறையில் நல்ல எஃகில் ஒரு பின் கடைந்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, அடுத்த முறை கொண்டுபோய் மாமா கையில் கொடுத்தேன்.

“இதுல உளி பட்டுது, அப்பறம் நான் இந்த வூட்டுப் படி ஏற மாட்டேன். ஒரு கீறல் கூடாது. எங்கயும் கூடாது.”

“படாது மச்சான். உம் மேல ஆணை.”

மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த சீசன் தொடங்கிச் சில நாளிலேயே ஆலை வாசல் குவியலில் அந்தப் பின்னைக் காணோம். பளபளவென்று இருந்ததை எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆலையில் கேட்டதற்கு, “பேரு வெட்டிக்கீதா?” என்றார்களாம். இல்லாத பேரை எப்படிக் காட்டுவது? பழைய பின் டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. அதையே மாட்டிக்கொண்டு மலையேறினார். எனக்குச் சொல்லவில்லை. “அவனுக்குத் தெரிஞ்சா கத்துவான், கம்முனு இரு,” என்று அக்காவின் வாயையும் அடைத்துவிட்டார்.

வெள்ளிமலையிலிருந்து கிழங்கோடு இறங்கும்போது, ஒரு வளைவில் சக்கரம் பள்ளத்தில் விழுந்து வண்டி குலுங்கியது. பின் ஒடிந்தது. பிடி விட்ட டிரெய்லர் பாரத்தோடு வந்து மோதி டிராக்டரைக் கவிழ்த்தது. மாமாவின் இடதுகாலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒடிந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். ஒடிந்த முகப்பில் பாதிக்கு மேல் பழுப்பேறி, மெல்லிய கோடுகளாக இருந்தது. விரிசல் நாள்பட ஊர்ந்த தடம் அது. மிச்சம் மட்டும் புதிதாக மினுங்கியது. தொடங்கிய இடம் அக்கா பேரின் முதல் எழுத்துக்கு அடியில். என் வேலையில் இதைவிடச் சரியாக நான் எதையும் சொன்னதில்லை. தூ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் படுத்திருந்த மாமா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொன்ன எடத்துலயே ஒடஞ்சிது மச்சான். கரெக்டா சொன்ன. எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கறேன்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது சம்பளத்துக்கு ஆள் வைத்து வண்டி ஓடுகிறது. போன மாசம் இன்னொரு பின் கடைந்து எடுத்துப் போனேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பேரு இல்லன்னா இதுவும் பூடும்டா.”

நான் உளியும் சுத்தியலும் கேட்டு வாங்கினேன். பின்னின் அடியில், அது நழுவாமலிருக்கக் கிளிப் மாட்டும் ஓட்டைக்கும் கீழே, இரண்டு விரல் அகலம் சும்மா தொங்கும். அங்கே அவள் பேரை வெட்ட ஆரம்பித்தேன். அக்கா பதறிக் கையைப் பிடித்தாள்.

“டேய், உளி படக் கூடாதுன்னியே?”

“இங்க பாரம் வராதுக்கா. இங்க எவ்ளோ ஆழமா வெட்டுனாலும் ஒண்ணும் ஆவாது.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாடா?” என்றாள்.