ஊறப்போட்ட பார்லி

“...பார்லியத்தான் ஊறப்போடுறாங்க, மகள். முளை வந்தொடன காயவெச்சு, அரைச்சு, புளிக்கவெச்சு, காய்ச்சி வடிச்சு, மரப் பீப்பாக்குள்ள மூணு வருசம். ஸ்கொட்லாந்தில செஞ்சாத்தான் அதுக்கு ஸ்கொட்ச் எண்டு பேர்” என்றார் மாமா.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. லீவில் கல்முனைக்கு வந்திருந்தார். சமையலறையில் நிற்பதாகத்தான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார். அவருடைய போனில் படம் பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு படத்தில் வரிசையாக நின்ற போத்தல்களைக் கண்டு, “தேனா மாமா?” என்று கேட்டுவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாத தொழிலை வைத்திருந்த மனிதருக்கு அது போதும். அத்தனையும் விஸ்கி என்று தொடங்கிக் கொட்டித் தீர்த்தார்.

அயர்லாந்துக்காரன் அனேகமாக மூன்று தரம் வடிப்பானாம், அதனால் மெதுமையாம். அமெரிக்காவின் பேர்பன் விஸ்கியில் பாதிக்கு மேல் சோளம். உள்பக்கம் கருக்கிய புதுப் பீப்பாவில் கிடந்து, சீனி கருகின வாசம் எடுக்குமாம். ரை என்றொரு தானியம், நம் பக்கம் விளையாதது. அதில் செய்தது மிளகு மாதிரிச் சுரீரென்னும். சில ஸ்கொட்சில் அடுப்புப் புகை மணக்கும். பார்லியைப் புகையில் காயவைப்பதால் வருவதாம்.

“நீங்க குடிச்சிரிக்கீங்களா?”

“சீ. மூக்கால மட்டுந்தான். உம்மாக்கிட்ட செல்லிப் போடாத, என்ன?”

ஓம் என்றேன். தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனேன். அங்கே ஒரு சட்டியில் பார்லி ஊறிக்கொண்டிருந்தது.

நெல் சூடடிக்கிற வெயிலில் வயலில் நின்று வாப்பாவுக்கு நீர்க்கடுப்பு. டொக்டர் பார்லித் தண்ணி குடிக்கச் சொல்லியிருந்தார். உம்மா மூன்று நாளாக ஊறப்போட்டு, அவித்து வடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து நேரமும் தொழப் பள்ளிக்குப் போகிற வாப்பா, மூன்று நாளாக!

எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சொன்னால் மாமா மாட்டுவார். சொல்லாவிட்டால் வாப்பா ஹராம் குடிப்பார். முற்றத்துக்குப் போவேன், திரும்பி வந்து முளை விட்டிருக்கிறதா என்று சட்டிக்குள் பார்ப்பேன். கடைசியில் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஊறப்போட மறந்துவிட்டதாக நினைத்த உம்மா, காலையில் மறுபடியும் போட்டார். மத்தியானம் அதையும் கொட்டும்போது உம்மாவிடம் பிடிபட்டேன்.

“என்னகா செய்றா? வாப்பா கடுப்பில துடிக்கிறாரு.”

சத்தம் கேட்டு வாப்பாவும் மாமாவும் வந்துவிட்டார்கள்.

“இது விஸ்கி உம்மா” என்றேன். “ஸ்கொட்ச் இல்ல. கல்முனையில செஞ்சது.”

வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஆரு மகள் செல்லித் தந்த?”

கொடுத்த வாக்குக்காக வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கண்ணுக்கு அந்த வாக்குத் தெரியாது. அது நேரே மாமாவிடம் போனது. எல்லோரும் அந்தப் பக்கமே திரும்பினார்கள்.

“ஓம் மச்சான்” என்றார் மாமா. “ஊத்திக் குடுக்கிற வேலதான். வாயில வெச்சதில்ல.”

வாப்பாவின் சிரிப்பு நின்றது. ஒருவரும் ஏசவில்லை. உம்மா சட்டியில் மீந்த பார்லியை அடுப்பில் வைத்தார்.

அது அவிந்து முடியும்வரை மாமா பைப்படியில் நின்று, சவர்க்காரம் போட்டுப் போட்டுக் கை கழுவினார். அழுக்கே இல்லாத கையை ஏன் அவ்வளவு நேரம் கழுவுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு உள்ளே வந்து, உம்மாவிடமிருந்து சட்டியை வாங்கி, தானே வடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் கிளாசில் ஊற்றி, இரண்டு கையாலும் வாப்பாவுக்கு நீட்டிக்கொண்டு நின்றார்.